பகலில் உட்கார்ந்தவள்

புற்றுநோய் என்னைப் படுத்தியதைவிட, அதற்குப் பின்னால் வந்த அசதி படுத்திய பாடுதான் பெரிது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்தார்கள். பிறகு வாரக்கணக்கில் கரண்டு வைத்தார்கள். எந்தக் கதிரை எந்த மிஷினில் வைத்தாலும் எங்கள் ஜனங்களுக்கு அது கரண்டுதான். எல்லாம் முடிந்ததும் டாக்டர், "இனிமே வீட்டுக்குப் போகலாம், கொஞ்ச நாள் களைப்பா இருக்கும்" என்றார். கொஞ்ச நாளாம்! அந்த மகராசன் எங்கள் ஒக்கலிபுரத்துத் தெருப் பைப்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

வேலை செய்து களைப்பது வேறு. அது தூங்கி எழுந்தால் போய்விடும். இது நான் எழும்போது கூடவே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தலை வாரக் கையைத் தூக்கினால் வகிடு முடிவதற்குள் கை கீழே விழுந்துவிடும். பல் தேய்த்த பிறகு முகம் கழுவத் தனியாக மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா இதைச் 'சுஸ்து' என்பார். எங்கள் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "இன்னிக்கி சுஸ்து எப்படி இருக்குது?" என்று, வீட்டுக்கு வந்துவிட்டுப் போக மனமில்லாத விருந்தாளியை விசாரிப்பது போல அந்த அம்மா விசாரிப்பார்.

என் வீட்டுக்காரர் விசாரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். 

நாங்கள் இருவரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அங்கே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒரு ஆண்பிள்ளை பட்டப்பகலில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தால், எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். கல்தூசி நெஞ்சை அடைத்துவிட்டது, இனி அவன் எழுந்து ஷிஃப்டுக்குப் போகப் போவதில்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் வருவார்கள், காபி குடிப்பார்கள், எந்தப் பிள்ளை யார் வீட்டுக்குப் போவது என்று மெதுவாகப் பேசி முடிப்பார்கள். அப்பன் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். சாவைப் பார்க்க வேண்டாம், புது வீடும் பழகிவிடும் என்ற நல்லெண்ணம்தான். என் வீட்டுக்காரரையும் அப்படித்தான் சின்ன வயதில் கல்யாணமான அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அக்கா அவருக்கு அம்மாவுக்கும் மேலே.

ஆகையால் நான் பகலில் உட்கார்ந்ததும் அவர் கணக்கு அவருக்கு முடிந்துவிட்டது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர், நான் சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை அக்கா வருது. பாப்பாவ கூட்டினு போவட்டும். அங்க இஸ்கூல் இருக்குது."

"எதுக்கு?"

"உனக்கு முடியல இல்ல."

"முடியலன்னா செத்துட்டேனா? சுஸ்தா இருக்குதுங்க, அவ்ளோதான். டாக்டரே சொன்னாரு."

"டாக்டருங்க எங்கப்பாவுக்குந்தான் சொன்னாங்க" என்றார்.  அப்புறம்தான் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

எங்களுக்கு இருந்தது அந்த ஒரே பெண். ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் போய்விட்டால் நான் எதற்காக அந்தக் கரண்டையெல்லாம் வாங்கிக்கொண்டு கிடந்தேன்? ஞாயிற்றுக்கிழமை நான் நிற்க வேண்டும், நாத்தனார் வந்து பார்க்கும்போது உட்காரவே கூடாது என்று தீர்மானித்தேன்.

அந்த வாரம் முழுக்கத் தெம்பைச் சேர்த்து வைத்தேன். உட்கார்ந்து செய்கிற வேலையை யாரும் உட்கார்ந்திருப்பதாக எடுத்துக்கொள்வதில்லை என்று கண்டுபிடித்திருந்தேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஒரு தரம் கல் பொறுக்கிய அரிசியிலேயே மறுபடியும் பொறுக்குவேன். அரிவாள்மணைமேல் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையைக் காலை முழுக்க அரிவேன். பெருக்கினால் துணி துவைப்பதில்லை. துவைத்தால் குழம்பு கிடையாது, ரசத்தோடு சரி. உடம்பிடம் கெஞ்சிக் கெஞ்சிக் குடும்பம் நடத்தினேன், போங்கள்.

நாத்தனார் காலை வண்டியில் வந்து இறங்கினார். அவரும் சுரங்கத்துக்குப் புருஷனைக் கொடுத்தவர். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைப் புடவை, அதிகம் பேச மாட்டார். வாசலருகே குழந்தையின் துணிகளை ஒரு பையில் அடைத்துத் தயாராக வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அதைப் பார்த்தும் பார்க்காதவளாக, "வாங்க அண்ணி" என்று சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன்.

களி கிண்டினேன். கறிக்குழம்பு வைத்தேன். பரிமாறினேன். "நீயும் உக்காரு" என்றார் நாத்தனார். "அப்புறம் சாப்பிடறேன் அண்ணி" என்றேன். காது இரைந்தது. முதுகு வேர்த்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. சொம்பை எடுக்கக் குனிந்தவள் நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன். விட முடியவில்லை.

அவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"இன்னாடி இது, கூத்தா? வந்ததிலிருந்து பாக்கறேன், தூணு மாதிரி நிக்கறியே. படு."

"வேணாம் அண்ணி."

"படுன்னா படு. தலகாணி வேணாம். மல்லாக்கப் படு."

சிமெண்டுத் தரையில் படுத்தேன். அவ்வளவுதான், தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் குந்தி, என் மூக்கருகே காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"மூச்சு முட்டுதா?"

"இல்ல."

"ராத்திரி இப்படித்தான் படுக்கறியா? குந்திக்கினு தூங்கறதில்லயே?"

"இல்ல அண்ணி. படுத்தா போதும், கட்டை மாதிரி தூங்கிடுவேன்."

அவர் தலையைத் திருப்பித் தம்பியைக் கூப்பிட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"டேய்! இங்க வந்து பாருடா. தலகாணி இல்லாம படுத்துனு இருக்கா. நம்ம அப்பா கடைசியில படுத்தாரா? எங்க வூட்டுக்காரரு படுத்தாரா? ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுக்க முடியாம, மடியில தலகாணிய வெச்சினு குந்தினபடியே தானடா போய்ச் சேர்ந்தாங்க! இவ படுக்கறாடா. இது அந்த நோவு இல்ல. களைச்சிப்போய் படுக்கறவள சாகப்போறவன்னு நெனச்சிட்டியே, மடையா!"

சொல்லி முடித்ததும் அவர் அழுதார். எனக்காக அழுதாரா, படுக்க முடியாமலே போன தன் புருஷனை நினைத்து அழுதாரா, தெரியாது. என் வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ பதில் சொல்ல நினைத்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீடு நிசப்தமாக இருந்தது. நாத்தனாரைக் காணோம். வாசலருகே வைத்திருந்த துணிப்பையையும் காணோம். ஸ்டேஷன் பக்கம் வண்டி ஊதியது. என்ன சொல்லி என்ன, கடைசியில் கூட்டிக்கொண்டு போய்விட்டாரே என்று நினைத்தேன். எழுந்து ஓட வேண்டும். கால் வரவில்லை. அழக்கூட வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே, பாழாய்ப்போன உடம்பே என்று என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன்.

அடுப்பங்கரையில் ஏதோ உருண்டது.

"அப்பா, சத்தம் போடாத! அம்மா எந்திரிச்சிடும்" என்று ஒரு ரகசியக் குரல், தெருக்கோடி வரை கேட்கும்படி.

"பாப்பா!" என்றேன்.

ஓடி வந்தாள். கையெல்லாம் அரிசி மாவு.

"உன் துணிப்பை எங்கடி?"

"அத்தைக்குப் பை வேணுமாம். என் துணியெல்லாம் கொட்டிட்டு, அதுல கீரை வாங்கிப் போட்டுனு போயிட்டாங்க. உன்ன எழுப்பக் கூடாதாம். எப்ப படுத்தாலும் எழுப்பக் கூடாதாம்."

உள்ளேயிருந்து சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. "என்னாங்க, அடுப்பத் தணிங்க!" என்று படுத்தபடியே கத்தினேன். "நீ எந்திரிக்காத, நான் பாத்துக்கறேன்" என்று பதில் வந்தது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழந்தை என்னைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தையல் போட்ட பக்கத்தை விட்டு, நல்ல பக்கமாகப் பார்த்து என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.