கலைத்துவிட்ட சோளம்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் சோளம் என்றால் மாட்டுக்குப் போடும் தாள், தட்டுதான். நெருக்கமாக விதைத்து, தீவனமாக அறுத்துப் போர் போட்டுவிடுவார்கள். அதில் அரை ஏக்கரில் இந்த முறை தானியத்துக்காக வீரிய ஒட்டுச்சோளம் போட வீட்டில் சம்மதம் கேட்டு வாங்கியவள் நான். கதிர் பிடிக்காவிட்டால் கோடையில் மாட்டுக்குத் தீனியும் குறையும், அதன்பின் என் பேச்சை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இரண்டு கிலோ விதை போதும் என்று கடையில் சொன்னார்கள். முளைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்து இரண்டு கிலோப் பையாக இரண்டு வாங்கினேன். விதைக்கும் நாளன்று மகளுக்குத் தடுப்பூசி. நான் திரும்பி வருவதற்குள் மாமியார் இரண்டு பையையும் காலி செய்திருந்தார்.

"ஏனுங்க அத்தை, மொத்தமும் போட்டுட்டீங்களா?"

"போட்டுப்போட்டேன் அம்மணி. ரெண்டு கிலோ எந்த மூலைக்குப் பத்தும்? தட்டு சன்னமா இருந்தாத்தான் மாடு கடிக்கும்."

"இது நாம திங்கறதுக்குங்க அத்தை."

"நாமளும் கொஞ்சம் சன்னமானா ஒண்ணும் கெட்டுப்போகாது."

ஐந்தாம் நாள் காலையில் பார் வரிசைகள் முழுக்கப் பச்சை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். முளைக்காதோ என்று பயந்த விதை, விரல் நுழையாத அளவுக்கு முளைத்திருந்தது. செடிக்குச் செடி அரையடி விட்டால்தான் கதிர் வாங்கும். மூன்றாம் வாரம் உட்கார்ந்து நடுநடுவே பிடுங்கிக் கலைக்கத் தொடங்கினேன். பிடுங்கியதை மாட்டுக்குப் போட முடிந்திருந்தால் மாமியார் பொறுத்திருப்பார். இளம் சோளப்பயிர் மாட்டுக்கு விஷம். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பச்சப் பயிரப் புடுங்கிக் குப்பையில போடறதுக்குப் படிச்சியா கண்ணு?"

கடைசியில் மாடு கட்டும் கட்டுத்தரை ஓரத்து நான்கு பாரை மட்டும் அவருக்காகத் தொடாமல் விட்டேன்.

கலைத்து முடித்து நின்று பார்த்தேன். சோளக்காடு எனக்கே பாதி மொட்டையாகத் தெரிந்தது. அதிகமாகப் பிடுங்கிவிட்டேனா? ஸ்கேலை எடுத்துப் போய் மறுபடி அளந்தேன். வேலை முடிந்து வந்த கணவர் வரப்பிலேயே நின்றார். "குப்பையில இருக்கறத எடுத்து ஒட்டவெச்சுப் பாக்கலாமா?"

இரண்டு வாரம் கழித்து ஒரு மழை. தண்டு கட்டைவிரல் கனத்துக்குப் பருத்தது, இலைகள் பாரை மூடின, மேலிலை உப்பிக் கதிர் தலைகாட்டி ஒரு காலை பூத்து நின்றது. பல் துலக்கிக்கொண்டிருந்த கணவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். மஞ்சள் மகரந்தம் என் முகமெல்லாம் ஒட்டியிருந்ததாம், அன்று மாலைதான் சொன்னார்.

மணி முற்றிவிட்டால் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். அதைப் பார்க்கத் தினமும் நான்கைந்து மணி உரித்தேன். புள்ளி வந்த பிறகும் இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றேன். மழை வரப்போகிறது என்று கணவர் சத்தம் போட்ட பிறகுதான் அரிவாளை எடுத்தோம்.

கலைத்த பாரின் கதிர் ஒவ்வொன்றும் இரண்டு கையால் ஏந்தும்படி இருந்தது. கட்டுத்தரை ஓரத்தில் மகளின் மூடிய கை அளவுதான். மாமியார் குவியல் முன் உட்கார்ந்து கிளறிக் கிளறிப் பார்த்தார். பிறகு இருப்பதிலேயே பெரிய கதிர்களாகப் பன்னிரண்டு எடுத்துத் தாளோடு சேர்த்துக் கட்டினார்.

"இத விதைக்கு வெச்சுப்போடலாம் அம்மணி. இந்த மாதிரிக் கதிர் நம்ம காட்டுல வெளஞ்சதில்ல."

ஒட்டுரகத்தின் மணியை மறுபடி விதைத்தால் ஒன்றுபோல் வராது. ஒவ்வொரு முறையும் புது விதைதான் வாங்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஸ்டூல் மேல் ஏறி, அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.