கண்ணை உடைத்தவனுக்கு வாய் தெரியாது

செவ்வாய்க்கிழமை காலை வடலூரிலிருந்து கலைச்செல்வியின் தங்கை போனில் பேசினாள். "பானு அக்கா, அக்காவுக்கு மறுபடியும் வலிப்பு வந்துச்சுங்க. இந்தத் தடவை எழுந்திருக்கல." ஏதோ நோய் என்று அவள் புருஷன் வீட்டார் வெளியே சொல்லிக்கொள்கிறார்கள். பள்ளிக் கணினி அறையில் அவளோடு வேலை பார்த்த எனக்குத் தெரியும், அந்த வலிப்பு எந்த அடியில் வந்தது என்று.

அவள் கணவனுக்குப் பர்மனென்ட் வேலை, பெரிய குவார்ட்டர்ஸ். பெல்ட், கரண்டி, குக்கர் மூடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிப்பான். அவள் கைப்பேசியில் பதிவு செய்தால் அதைச் சுவரில் அடித்து உடைப்பான். அக்கம்பக்கத்தார், "பர்மனென்ட் மாப்பிள்ளைம்மா, அனுசரிச்சிப் போ" என்றார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் சாட்சி கேட்டார்கள்.

அதன் பிறகுதான் லினக்ஸ் போட்ட இரண்டு பழைய கணினிகளை வீட்டுக்குள்ளேயே இணைத்தாள். கேமரா மாட்டிய ஒன்று கூடத்தில். அதற்குப் பெயர் கண். இன்னொன்று பரணில், அரிசி டிரம்முக்குப் பின்னால். அது வாய். கண் பார்ப்பதெல்லாம் ரவுட்டர் வழியாக உடனுக்குடன் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் வாய் கடவுச்சொல் கேட்டு நின்றது. "அடி வாங்கும்போது யாருடி பாஸ்வேர்டு அடிச்சிகினு இருப்பா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காமலே திறக்கும்படி இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஜிட்டல் சாவி உருவாக்கி வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பாரில் உப்பு கூடிவிட்டதாம், இரும்புக் குழாயை எடுத்தான். அவள் கை முறிந்தது. மண்டை உடைந்தது. அப்புறம்தான் கேமரா அவன் கண்ணில் பட்டது. முதலில் மானிட்டரை நொறுக்கினான், அந்த அறிவாளி. டி.வி.யை உடைத்தால் செய்தியே இல்லாமல் போகும் என்று நினைக்கிற ஜென்மம். பிறகு கணினிப் பெட்டியையும் மிதித்துச் சிதைத்து, ரவுட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் வீசினான். பரணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் அவன் அம்மா, "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கலைச்செல்வி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "கண்ணு போச்சுடி. வாயி இருக்குது. எடுத்துகினு வா." தங்கையும் நானும் போய் எடுத்துவந்தோம். காவல் நிலைய மேசையில் அதற்கு ஒரு திரையை மாட்டிப் பதிவை ஓட்டினேன். பாதியிலேயே இன்ஸ்பெக்டர், "போதும், நிறுத்துங்கம்மா" என்றார். நான் நிறுத்தவில்லை.

அவன் உள்ளே போனான். ஜாமீனில் வெளியே வந்தான். அவள் வடலூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்; மண்டை உடைந்த அந்த அடியிலிருந்துதான் வலிப்பு வர ஆரம்பித்தது. வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது.

அவள் உடலுக்காகப் பிணவறை வாசலில் காத்திருந்தபோது அவனுடைய அண்ணன் மாலையோடு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "செத்தவங்க செத்துட்டாங்க. கேசும் அதோட போவட்டுங்க. நீங்க சாட்சிக்கு வராம இருந்தாலே போதும்."

மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

"நேத்து வரைக்கும் அது அடிதடி கேசுங்க. இன்னைக்குக் கொலைக் கேசா மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தாச்சு. போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டர் உள்ளே அவ மண்டையைத்தான் பார்த்துகினு இருக்காரு. போயி உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆத்திரம் ஒன்றுதான். தீர்ப்பு வரும்வரை அதை ஆற விடமாட்டேன்.