லீடர் எடுத்து வைக்கும் தண்ணீர்

மூன்று வாரம் முன்பு, நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பழங்காநத்தத்தில், கடைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் பெண்கள் பள்ளி. பத்தாவது மாணவிகளிடம் பாலிடெக்னிக் படிப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

எனக்குத்தான் லிஸ்ட் இல்லாமல் வாய் திறக்காதே... விண்ணப்பத்துக்கு வேண்டியவை: மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ், டிராயிங் பழக்கம். கடைசியாக — பள்ளியில் வகித்த பொறுப்பு.

அந்தக் கடைசி வரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இன்டர்வியூவில் என் மார்க் இழுபறியாக நின்றபோது, 'மூன்று வருடம் கிளாஸ் லீடர்' என்பதுதான் எனக்கு எலெக்ட்ரிகல் சீட் வாங்கிக் கொடுத்தது.

பேசி முடித்ததும் செல்வி என்ற பெண் வந்தாள். முதல் ராங்க். அப்பா வயல் கூலி.

"எல்லாம் இருக்குக்கா. லீடர் மட்டும் இல்ல."

"ஏன்?"

"லீடருதான டீச்சருகளுக்குப் பானையில தண்ணி எடுத்து வைக்கணும்?" கொஞ்சம் நிறுத்தினாள். "எந்தத் தெருன்னு கேக்க மாட்டீகளாக்கா?"

கேட்கவில்லை; கேட்காமலே புரிந்தது. எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. நான் எப்போதும் இரண்டாவது ராங்க். முதல் ராங்க் வாங்கிய பேச்சியம்மாளும் செல்வியின் தெருதான். பிறகு ஏன் குடம் என் இடுப்பில் இருந்தது? ஒரு நாளாவது யோசித்தேனா? பெருமையாக அல்லவா சுமந்தேன்!

பெரிய டீச்சரிடம் போனேன்.

"நாங்க வித்தியாசம் பாக்கலம்மா. நல்லாப் படிக்கிற பிள்ள, எதுக்குச் சுமக்க விடணும்னுதான்..."

"நானும் படிக்கிற பிள்ளைதானே டீச்சர்? என்னைச் சுமக்க விட்டீங்களே."

அவர் மறுநாளே செல்வியை லீடராக்கிவிட்டார். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நேற்று செல்வி, விண்ணப்பத்தைச் சரிபார்க்க என் ஆபீசுக்கு வந்தாள். 'பொறுப்பு' என்ற இடத்தில் அழகாக எழுதியிருந்தாள் — கிளாஸ் லீடர்.

"என்ன லீடர், குடம் கனக்குதா?" என்றேன்.

"ஒரு நாத்தான்க்கா எடுத்து வச்சேன். அம்புட்டுத் தண்ணியும் சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. இப்ப டீச்சருக எல்லாம் வீட்டுல இருந்தே கொண்டாராக." சிரித்தாள். "எனக்கு வேல மிச்சம்."

அந்த டீச்சர்களில் பாதிப் பேர் எனக்கும் பாடம் எடுத்தவர்கள். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள் — இத்தனை வருடம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!