ஆறு கிலோமீட்டருக்குள் ஒரு வேலை

எக்ஸ்பிரஸ் அக்கா ஒரு நாளைக்கு ஒன்பது கிலோமீட்டர் நடப்பார். எங்கேயும் போய்ச் சேர மாட்டார். காலையில் எந்தக் கதவு வழியாகக் கிடங்குக்குள் நுழைந்தாரோ, அதே கதவு வழியாக மாலையில் வெளியே வருவார். நடுவில் நடந்ததெல்லாம் அலமாரிகளுக்கு இடையில்.

அது குழாய்ச் சாமான் கிடங்கு. எல்போ, வாஷர், டெஃப்லான் டேப், கை கழுவும் தொட்டி, கழிவறைப் பீங்கானுக்கு மூடி என்று நாலாயிரம் வகை. கடைக்காரர்கள் கேட்டது சீட்டாக அச்சாகி வரும். அக்கா தள்ளுவண்டியோடு போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து பேக்கிங் மேஜையில் வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. நடக்கிற வேகத்துக்காக வந்த பெயர் எக்ஸ்பிரஸ். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் கணவர் ஓர் ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்குகிறவர். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தினமும் நூறு தடவை ஏழாவது மாடிக்குப் போய் வருவார்.

"நீ நடந்த நடைக்கு இந்நேரம் பக்கத்து நாட்டுக்கே போயிருக்கலாம்" என்பார் அவர்.

"போயிருப்பேன். நீங்க பின்னாடியே வந்துடுவீங்களேன்னுதான் போகல."

போன வருஷம் வலது முழங்கால் தகராறு பண்ண ஆரம்பித்தது. கம்பெனி டாக்டர் அதை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது. நடக்க நேர்ந்தால் இந்த வேலைக்குத் தகுதியில்லை.

மானேஜர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். "நீங்க நல்ல வேலைக்காரங்கதாம்மா. அதுக்காக கிடங்கைச் சின்னதாக்க முடியுமா?" என்றார். பிறகு அவரே, "அடுத்த வாரம் ஒருத்தர் வர்றாரு. கிடங்கையே மாத்தி அமைக்கப் போறாரு. நடை ஆறுக்குள்ள வந்துட்டா நீங்க இருக்கலாம். வரலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை அக்காவே சொல்லிக்கொண்டார். மகள் நர்சிங் படித்து முடிக்க இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

வந்தவர் தையல்காரர் மாதிரி கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டிருந்தார். முதல் நாளே அளவு சார் என்று பெயராகிவிட்டது. சந்துகளின் அகலம், அலமாரிகளின் உயரம், அக்காவின் கை எட்டும் தூரம் எல்லாவற்றையும் அளந்தார். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வருஷக் கணக்கையும் எடுத்தார். எந்தச் சாமானை எத்தனை தடவை போய் எடுத்தார்கள் என்ற கணக்கு. அவர் முறை எளிது: அடிக்கடி எடுப்பது மேஜைக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், எப்போதாவது எடுப்பது பின்னால், உச்சியில்.

"நீங்க எப்படிம்மா எடுக்கறீங்க?" என்று அக்காவிடமும் கேட்டார்.

பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றார். அவர் தலைக்கு மேல் ஒரு பலகை: "மேஜைக்கு அடியில் சரக்கு வைத்தால் ஒழுங்கு நடவடிக்கை."

"சீட்டு வந்தா போவேன். எடுப்பேன். வருவேன்" என்றார் அக்கா.

இதில் பாதி பொய். ஒன்பது வருஷமாக மேஜைக்கு அடியில், காலிச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு குவியல் இருந்தது. அதிகம் போகிற சாமான்களைக் காலையிலேயே பெட்டி பெட்டியாக இழுத்துவந்து அங்கே வைத்துவிடுவார்கள். அலமாரியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஸ்கேனரைக் காட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது விதி. பெட்டிக்கு ஒரு தடவை காட்டுவார்கள். பிறகு நாள் முழுக்கக் குனிந்து எடுத்தால் போதும். இந்தக் குவியலுக்கு அக்கா சொந்தக்காரி. எப்போதும் கத்திரியும் கையுமாக இருப்பதால் கத்திரி என்று பெயர் பெற்ற பேக்கிங்காரி கூட்டாளி.

இரண்டு வாரத்தில் கிடங்கு மாறியது. புது மேஜைக்கு இரும்புக் கால்கள். அடியில் இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். குவியலுக்கு இடமில்லை. எல்போவும் டெஃப்லான் டேப்பும் கடைசிச் சந்தின் உச்சிக்குப் போய்விட்டன. மேஜைக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், மிகச் சிறந்த இடத்தில், ரோஸ் நிறக் கழிவறை மூடிகள் வரிசையாக நின்றன.

முதல் நாள் அக்காவின் இடுப்பில் நடையை அளக்கும் கருவியை மாட்டினார்கள். மாலையில் பதினாலு காட்டியது. அளவு சாரின் தாளில் ஐந்தரை என்று இருந்தது. அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுநாள் வேறு கருவி. அதுவும் பதினாலு.

"ஒரு வாரம் பாப்போம்" என்றார் மானேஜர்.

கத்திரி அக்காவை ஓரமாக இழுத்தாள். "அக்கா, வாயைத் தொறந்துடாதீங்க. ரெண்டு பேருக்கும் மெமோ வரும்."

"தொறக்கலைன்னா எனக்கு வீடுதான்டி."

"அப்ப என் பேரை மட்டும் விட்டுட்டுச் சொல்லுங்க."

டீ நேரத்தில் அக்கா நொண்டிக்கொண்டே அளவு சாரிடம் போனார். "சார், உங்க கணக்கு சரிதான். நாங்க உங்களுக்குக் குடுத்த கணக்குதான் தப்பு."

"எப்படி?"

"எல்போ எடுக்க ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு போட்டிருக்கு?"

"ஒண்ணு."

"நூத்திப்பத்து சார். அந்த ஒண்ணு காலையில பெட்டி இழுக்கறது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்த ரோஸ் மூடி? அவ்வளவு போகுதே?"

"போகும் சார். ஆனா தங்காது. வீட்டுல இருக்கற பீங்கானோட கலர் சேரலைன்னு திரும்பி வந்துடும். மறுபடி அனுப்புவோம், மறுபடி வரும். ஒரே மூடி பத்து வீடு பாத்திருக்கு."

அளவு சார் கடைசிச் சந்தின் உச்சியைப் பார்த்தார். பிறகு மூடிகளைப் பார்த்தார். "குவியல்ல என்னென்ன வெச்சிருந்தீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அக்கா இருபத்துமூன்று சாமான்களை மூச்சு விடாமல் சொன்னார். எது முதலில், எது அடுத்து, எது எதோடு சேர்ந்து போகும், எது மழை நாளில் மட்டும் போகும் என்பது உட்பட. அவர் எழுதி முடித்துவிட்டு, "இதைக் கண்டுபிடிக்கத்தாம்மா என்னைக் கூப்பிட்டாங்க" என்றார். குறையாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

மூன்றே நாளில் மேஜையை ஒட்டி மூன்று தட்டில் ஒரு தாழ்ந்த அலமாரி வந்தது. காலையில் பின்னாலிருந்து நிரப்ப வேண்டும், நாள் முழுக்க இதிலிருந்து எடுக்க வேண்டும். பழைய குவியல்தான், இப்போது கால் முளைத்து, முன்னிருப்பு என்று பெயர்ச் சீட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேனரை ஒவ்வொரு தடவையும் காட்டினார்கள். மூடிகள் அவற்றுக்குரிய உயரத்துக்குப் போக, அந்த இடத்துக்கு அடுத்தபடி அதிகம் போகிற சாமான்கள் வந்தன.

மானேஜருக்குத் திட்டம் பிடித்திருந்தது. "ஆனா தப்பு தப்புதாம்மா. ஒன்பது வருஷம் விதியை மீறியிருக்கீங்க. விசாரணை வெச்சாகணும்."

கருவியை மறுபடி மாட்டிய நாளும் விசாரணை நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. அன்று காலையில் அக்காவை மானேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மதியம் கூப்பிட்டார்கள். மூன்று மணிக்கும் கூப்பிட்டார்கள். கூட்டாளி யார் என்று மூன்று தடவையும் கேட்டார்கள். முழங்கால் வலியில் பெயர் மறந்துபோச்சு என்று மூன்று தடவையும் சொன்னார்.

மாலையில் கருவி ஆறு புள்ளி மூன்று காட்டியது.

சூப்பர்வைசர் உச்சுக் கொட்டினார். "முன்னூறு மீட்டர்ல போச்சே!"

கத்திரிக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா கருவியை இடுப்பிலிருந்து கழற்றி, துடைத்து, மேஜையில் வைத்தார்.

அளவு சார் மட்டும் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மேஜையிலிருந்து மானேஜர் அறை வரை முற்றத்தைக் குறுக்கே அளந்தார். நேராக உள்ளே போய், "போக நூறு மீட்டர், வர நூறு. மூணு தடவைக்கு அறுநூறு. சரக்கு எடுக்க அந்தம்மா நடந்தது அஞ்சு புள்ளி ஏழுதான் சார். மிச்சம் உங்க விசாரணை" என்றார்.

மானேஜர் டாக்டரின் தாளை எடுத்தார். வேலைக்காக என்றோ விசாரணைக்காக என்றோ அதில் பிரித்துப் போடவில்லை. நடக்கக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. பதிவேட்டில் ஐந்து புள்ளி ஏழு என்றே எழுதிக்கொண்டார்.

"அப்ப இன்னும் மெமோ குடுக்கறது பாக்கி இருக்கே?"

"அதுக்கு அவங்க வந்தா இன்னொரு இருநூறு ஆகும் சார்."

மறுநாள் பதினோரு மணிக்கு மானேஜர் எச்சரிக்கை மெமோவைக் கையில் பிடித்தபடி வெயிலில் முற்றத்தைக் கடந்து வந்தார். அக்கா முன்னிருப்பு அலமாரியிலிருந்து எல்போ எடுத்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

அக்கா மேஜைமேல் தாளை வைத்துச் சொந்தப் பெயரை எழுதினார். கத்திரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மானேஜர் அதில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.