மாத்திரை வரிசையில் அப்பா

முதல் தடவை வந்தபோது சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. மெயின் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் காக்கி உடுப்பில் நின்றுகொண்டிருந்தேன். லேசான சாரல், கூட்டமும் பெரிதாக இல்லை. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. இடது கை மரத்துப்போனது. எவ்வளவு இழுத்தும் மூச்சு போதவில்லை. அருவியின் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கையை விட்டால் விழுவேன், விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

கூட நின்ற ஏட்டம்மா ஓடி வந்தார்.

"என்னட்டி, மொகம் வெளுத்துப் போயி நிக்கே? சாப்ட்டியா இல்லியா?"

"நெஞ்ச அடைக்குதுக்கா. என் மவளுக்கு போன் போடுங்க."

தென்காசியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. "கேஸ்தான். பரோட்டாவ விடு, சரியாப் போவும்" என்றார் ஏட்டம்மா. பரோட்டாவை விட்டேன். அந்தப் படபடப்பு என்னை விடவில்லை.

முந்தைய சீசனில் ஒருநாள் மலையில் மழை பெய்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கி, அருவிக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டியது. எல்லோரையும் விரட்டி வெளியேற்றிய பிறகும் கைக்குழந்தையோடு ஒருத்தி உள்ளே மிரண்டு நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து வந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேஷனில் பாராட்டினார்கள். அன்று நன்றாகத் தூங்கினேன். அதனால் அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ பனிக்குள் இருந்தார். போலீஸ் குடியிருப்பில் நானும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும் மட்டும். குளியலறையில் குழாயைத் திறந்தால் அந்தச் சத்தத்துக்கே உடம்பு உதறியது. குழாயைத் திறந்துவிட்டு வெளியே ஓடிவந்து, வாளி நிறைந்த பிறகு போய்க் குளித்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், எதுவும் கேட்கவில்லை. ஸ்டேஷனிலும் சொல்ல முடியாது. மெண்டல் என்று ஒருவருக்குப் பேர் வந்துவிட்டால் பிறகு அவர் தும்மினாலும் சிரிப்பார்கள். கணவரிடம் போனில், "நல்லா இருக்கேன்" என்றேன். அவரும் அதையே சொன்னார்.

தண்ணீர் இல்லாத இடமாகப் போனால் தப்பிக்கலாம் என்று, கேட்டு வாங்கிப் புளியறை செக்போஸ்ட்டுக்குப் போனேன். அங்கே கேரளாவிலிருந்து வந்த லாரி ஒன்று என் பக்கத்தில் பிரேக் போட்டு 'புஸ்'ஸென்று காற்றை விட்டது. அவ்வளவுதான். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"சேச்சி, பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்கிறார்.

நெஞ்சுவலி, கேஸ், தலைசுற்றல் என்று அதுவரை ஆளுக்கொரு பேர் வைத்திருந்தோம். பயம் என்று முதலில் சொன்னது முன்பின் தெரியாத அந்த மனிதர்தான். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் சேலை கட்டிக்கொண்டு, முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனேன். திருடப் போகிறவள் மாதிரி நடந்தேன். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். தூக்கம், டூட்டி, சாப்பாடு, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எனக்கு மட்டும் ஏன் டாக்டர் இப்படி?"

"ஒங்களுக்கு மட்டும்னு யார் சொன்னா? புள்ள பெத்த பொண்ணுங்க வாராங்க, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க வாராங்க, வெள்ளாமை போன சம்சாரிங்க வாராங்க. ஒவ்வொருத்தருக்கும் காரணம் வேற. தூக்கமில்லாத டூட்டி, தனியா இருக்கிறது, பயந்த ஒரு நாள், எல்லாம் சேரும். சில வீட்டுல ரத்தத்துலயும் வரும். ஒங்க வீட்டுல யாருக்காவது இருக்கா?"

"இல்ல டாக்டர். எங்கப்பா மிலிட்டரி. எதுக்கும் பயப்படமாட்டாரு."

வெளியே வந்தேன். அந்தப் பிரிவுக்கென்றே தனியாக மாத்திரை கொடுக்கும் ஜன்னல் ஒன்று இருந்தது. வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்றவரின் பிடரியைப் பார்த்தேன். தெரிந்த பிடரி.

"எப்பா?"

அப்பா திரும்பினார். மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க என்று கடையத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர். கேட்டால் இன்றைக்கும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பார்வை என் கையிலிருந்த சீட்டுக்குப் போனது.

"நீ யாருக்கும்மா வாங்க வந்தே?"

"எனக்குத்தாம்ப்பா."

அவர் தன் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். பட்டாளத்தில் இருந்த அந்த மனிதர் எதையும் ஒளித்து நான் பார்த்ததே இல்லை. அருவியில் வந்த பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்தோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"துப்பாக்கியோட நின்னப்ப ஒண்ணும் வரலம்மா. ரிட்டயராயி இங்கன வந்து, வயல்ல சும்மா நிக்கயில வந்துச்சு. தீவாளிக்கு டிவிய சத்தமா வச்சுட்டு உள்ளயே கெடப்பேம்லா, எதுக்குன்னு நெனைக்கே?"

"எங்ககிட்ட சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா ஒனக்கும் வந்துருமோன்னு பயம்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லாமலும் வந்துட்டுதே" என்றார்.

மாத்திரையும் மனம்விட்ட பேச்சும் சேர, பயம் மெல்ல மெல்லக் குறைந்தது. ராத்திரி டூட்டி வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை அதிகாரி ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். கணவரிடமும் சொன்னேன். "எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். அடுத்த சீசனில் மறுபடியும் அருவிக்குப் போனேன். பயம் வந்தது, இருந்தது, போனது. இப்போதும் எப்போதாவது வரும்.

மகளிடம் சொல்வதுதான் கடைசியாக இருந்தது. சோறு போட்டபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தாத்தாவையும் சேர்த்து. அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ஸ்கூல் வேன் வர்ற சத்தம் கேட்டாலே எனக்கும் கை காலெல்லாம் நடுங்குதும்மா. நீயே பயந்து போயி இருக்க, ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்துட்டி?" என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.