கடைசி பெஞ்சில் பொர்தி

லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு வங்காளப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இங்கே தலைமையாசிரியையை யாரும் மேடம் என்பதில்லை. 'பொர்தி' என்போம், பெரியக்கா என்று அர்த்தம். எத்தனையோ பேருக்கு அது வெறும் அழைப்புதான். இப்போதிருப்பவர் நிஜமாகவே அக்கா. திட்டுவார், கூடவே வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டும் செய்வார்.

போன வருடம் கோடை விடுமுறைக்கு முந்தைய தேர்வில் என் ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் ஃபெயில். வருடக் கடைசித் தேர்விலும் இப்படியே இருந்தால் வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார் பள்ளிக் கமிட்டிச் செயலாளர். எனக்கு மானமே போய்விட்டது.

"விட்டுத் தொலையேன், தலைவலி மிச்சம்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்கோ!" என்று எரிந்து விழுந்தேன்.

பொர்தி கூப்பிட்டு அனுப்பினார். "ஃபெயிலான பொண்ணுங்களுக்கு நான் பாடம் எடுக்கறேன். நீ கடைசி பெஞ்ச்ல உட்காரு. நான் எங்க சொதப்பறேன்னு சொல்லு." அட ராமா! தலைமையாசிரியை பாடம் நடத்த, நான் குறை சொல்வதா? ஆனால் வாரா வாரம் உட்கார்ந்தேன், சொல்லவும் சொன்னேன். ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை.

பூஜை விடுமுறைக்கு முன் அந்தப் பெண்களுக்கு அவரே ஒரு டெஸ்ட் வைத்தார். மறுபடியும் ஃபெயில். டீயும் கையுமாக ஆசிரியர் அறைக்கு வந்து, "நானும் தோத்துட்டேன். ஏன்னு யாராவது சொல்லுங்களேன்" என்றார் சத்தமாக. அவரே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

"கேள்வியை முழுசா படிக்கறதே இல்ல, பொர்தி. முதல் வரியிலயே பேனாவை எடுத்துடறாங்க. என் கிளாஸ்லயும் அதே கதைதான்" என்றார் வங்காள மொழி டீச்சர். அன்றிலிருந்து கேள்வியைச் சொந்த வார்த்தையில் சொல்லாமல் யாரும் பேனாவைத் திறக்கக் கூடாது என்று வைத்தோம். என் வகுப்பில் மட்டுமில்லை, மொழி வகுப்பிலும்தான்.

வருடக் கடைசித் தேர்வில் பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள், எல்லாரும் இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் விடுவாரா? "மிச்சப் பேருக்கு யார் பொறுப்பு?"

"நான்தான்" என்று எழுந்தேன்.

"நானும் பாடம் எடுத்தேன். என்னையும் கேளுங்க" என்றார் பொர்தி.

கூட வந்திருந்த வங்காள மொழி டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப நான் எதுக்கு இருக்கேன்? கேள்வியைப் படிக்க வைக்கறது என் வேலை இல்லையா?"

செயலாளர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். யாரிடமிருந்து வகுப்பைப் பிடுங்குவது என்று தெரியாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த வருடமும் ஏழாம் வகுப்பு என்னுடையதுதான். அன்று தேறாத பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பள்ளி விட்டதும் தனி வகுப்பு வைக்கிறோம். நேற்று பொர்தி அதில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பலகையில் நான் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

பக்கத்திலிருந்த பெண் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மூடுங்க பொர்தி. முதல்ல கேள்வி என்னன்னு சொல்லுங்க."