முட்டளவு தண்ணீரில் ஒரு சுறா

சுறாவைப் புட்டாக்கித் தின்கிற எங்கள் ராமநாதபுரத்தில், சினிமாச் சுறாவைக் காட்டிப் பயமுறுத்த ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. சுவருக்கு அந்தப் பக்கம் நிஜக் கடல். இந்தப் பக்கம் சிமென்ட் தொட்டியில் நீலச் சாயத் தண்ணீர், அதில் ஒரு சவாரிப் படகு. அந்த லட்சணத்துக்கு டிக்கெட் வேறு.

"பல்லு பூராம் பிளாஸ்டிக்கு" என்று படகில் மனைவியிடம் நக்கலடித்தேன். பக்கத்தில், பாம்பன் சந்தையில் மீன் அறுத்து விற்கும் ஓர் அக்கா.

திடீரென்று சுறா வாயைப் பிளந்து எழுந்தது. கண்மாயில்கூட இறங்காத, கடலாடி ஊர் விவசாயி நான், தொட்டிக்குள் குதித்து, "காப்பாத்துங்க, நீச்சத் தெரியாது" என்று அலறினேன்.

"எந்திரிச்சு நில்லுங்க. முட்டளவு தண்ணிதேன்," என்றாள் மனைவி.

படகே சிரித்தது. தலை நிமிரவில்லை எனக்கு. அந்த அக்கா மட்டும் சேலை நனைய இறங்கி வந்து கையைப் பிடித்தார்.

"எனக்கும் பக்குன்னுதேன் இருந்துச்சு தம்பி. நீங்க முந்திக்கிட்டீக."

தினமும் சுறா அறுக்கிற கை அது. அந்தப் பூங்காவில் நான் பார்த்த ஒரே நல்ல நடிப்பு அவருடையதுதான்.